லினக்ஸ் கர்னலில் சாதன ஐடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசிஐ, யூஎஸ்பி டிரைவர்களில் முதன்முதலாகக் கை வைக்கிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்கப்பட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். முடிந்தவரை ஒரே கார்டை உதாரணமாக வைத்திருக்கிறோம்: இன்டெல் ஐ210 ஈதர்நெட், எண் 8086:1533, டிரைவர் ஐஜிபி. கட்டளைகளும் ஹெக்ஸ் (16 அடிமான எண்) எழுத்துகளும் இங்கே தமிழ் ஒலிப்பில் இருக்கின்றன. டெர்மினலில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள்.

வெண்டார் ஐடி, டிவைஸ் ஐடி என்கிறார்களே, அது கார்டில் எங்கே இருக்கிறது?

பிசிஐ கார்டின் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் (கார்டுக்குள் தனிச் சாதனம்போல இயங்கும் பகுதி) கான்ஃபிகரேஷன் ஸ்பேஸ் என்று ஒரு சிறு பகுதி உண்டு. பழைய பிசிஐயில் அது 256 பைட், பிசிஐ எக்ஸ்பிரஸில் 4096 பைட். முதல் இரண்டு பைட் வெண்டார் ஐடி (சிப்பைச் செய்த நிறுவனத்தின் எண்), அடுத்த இரண்டு பைட் டிவைஸ் ஐடி (அந்தச் சாதனத்தின் எண்). ஐ210 இருக்கும் மெஷினில் எல்எஸ்பிசிஐ -எக்ஸ் (பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள், அந்தக் கார்டுக்கான முதல் ஹெக்ஸ் வரி "00: 86 80 33 15" என்று தொடங்கும். சிறிய பைட் முன்னால் வருவதால் ஜோடி ஜோடியாகத் திருப்பிப் படித்தால் 8086, 1533.

இன்னும் மூன்று விஷயங்கள் பின்னால் தேவைப்படும். 8ஆம் பைட்டில் ரிவிஷன், 9 முதல் 11 வரை கிளாஸ் கோடு (சாதனத்தின் வகை), ஹெக்ஸ் 2சி-யிலும் 2இ-யிலும் சப்சிஸ்டம் வெண்டார், சப்சிஸ்டம் ஐடி. சிப்பைச் செய்தவர் ஒருவர், அதை வாங்கி போர்டில் பொருத்தி விற்பவர் இன்னொருவர் என்றால், அந்த இரண்டாமவரின் அடையாளம்தான் சப்சிஸ்டம்.

இந்த நம்பரை யார் கொடுக்கிறார்கள்? கர்னல்காரர்களா?

இல்லை. பிசிஐ வெண்டார் எண்ணை பிசிஐ-சிக் என்ற தொழில்துறை அமைப்பு நிறுவனங்களுக்கு ஒதுக்குகிறது. யூஎஸ்பிக்கு யூஎஸ்பி-ஐஎஃப். டிவைஸ் எண்ணை அந்தந்த நிறுவனமே தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளும். இன்டெல் 1978இல் வெளியிட்ட 8086 பிராசஸரின் பெயரையே வெண்டார் எண்ணாக வைத்திருப்பது நல்ல உதாரணம். எண் 16 பிட் என்பதால் மொத்தம் 65536 இடம்தான். அதில் எல்லா பிட்டும் 1 ஆன எஃப்எஃப்எஃப்எஃப் யாருக்கும் கிடையாது. காரணம் கடைசிக் கேள்வியில்.

கர்னல் செய்வதெல்லாம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு ஒரு பெயர் சூட்டுவது மட்டுமே. எண் கார்டுக்குச் சொந்தம், பெயர் நமக்குச் சொந்தம். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருகிறவை.

எல்எஸ்பிசிஐ-ல கார்டோட முழுப் பேரும் அழகா வருது. அப்போ கர்னலுக்கு அந்தக் கார்டு தெரியும்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் இரண்டு கோப்புகளைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பிசிஐ.ஐடிஸ் என்பது எண்ணுக்கு மனிதர் படிக்கும் பெயரைத் தரும் வெறும் உரைக் கோப்பு. பயனர்கள் அனுப்பும் தகவலால் வளர்வது, கர்னலுக்கு வெளியே பராமரிக்கப்படுவது. உங்கள் மெஷினில் /யூஎஸ்ஆர்/ஷேர் அடியில் ஹெச்டபிள்யூடேட்டா அல்லது மிஸ்க் அடைவில் இருக்கும். எல்எஸ்பிசிஐ பெயரை அங்கிருந்துதான் எடுக்கிறது. அப்டேட்-பிசிஐஐடிஸ் கட்டளையால் அதைப் புதுப்பித்தால் பெயர் வரும், டிரைவர் வராது.

மற்றது பிசிஐ_ஐடிஸ்.எச். கர்னல் மூலத்தில் இன்க்ளூட்/லினக்ஸ் அடைவில் இருக்கும் சி ஹெடர், 3000 வரிக்கு மேல். பல டிரைவர்கள் பகிர்ந்துகொள்ளும் மாறிலிகள் மட்டும் இதில் இருக்கும். ஒரு கார்டு இந்த ஹெடரில் இல்லாமலேயே நன்றாக வேலை செய்யலாம். ஐ210-இன் 1533 கூட இதில் இல்லை, ஐஜிபி டிரைவரின் சொந்த ஹெடரான இ1000_ஹெச்டபிள்யூ.எச்-இல்தான் இருக்கிறது. டிரைவர் பிடித்திருக்கிறதா என்று பார்க்க எல்எஸ்பிசிஐ -என்என்கே கொடுங்கள். "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி வந்தால் பிடித்திருக்கிறது, வராவிட்டால் இல்லை.

கார்டைச் சொருகியதும் சரியான மாட்யூல் (கர்னலில் ஏற்றத்தக்க டிரைவர் கோப்பு) தானாக ஏறுகிறதே, அது எப்படி?

டிரைவர் எழுதுகிறவர் தான் ஆளக்கூடிய எண்களை பிசிஐ_டிவைஸ்_ஐடி என்ற ஸ்ட்ரக்சரின் வரிசையாக வைக்கிறார். அதன் கீழே மாட்யூல்_டிவைஸ்_டேபிள் என்ற மேக்ரோ. கம்பைல் ஆகும்போது மோட்போஸ்ட் என்ற கருவி அந்த டேபிளைப் படித்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு அலையாஸ் (மாற்றுப்பெயர்) எழுதும். ஐ210-க்கு அது "பிசிஐ:வி00008086டி00001533எஸ்வி*எஸ்டி*பிசி*எஸ்சி*ஐ*". டெப்மாட் என்ற கட்டளை இவற்றையெல்லாம் திரட்டி மாட்யூல்ஸ்.அலையாஸ் கோப்பில் வைக்கிறது.

கார்டு தென்பட்டதும் கர்னல் இதே வடிவத்தில், நட்சத்திரக் குறிகளுக்குப் பதில் உண்மையான எண்களோடு, ஒரு சரத்தை வெளியிடும். சாதன நிகழ்வுகளைக் கவனிக்கும் யூடெவ் அதை எடுத்து மோட்புரோபிடம் கொடுக்கும், மோட்புரோப் பொருந்தும் மாட்யூலை ஏற்றும். இதை நீங்களே செய்து பார்க்கலாம்: /சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ் அடியில் உங்கள் கார்டின் அடைவில் மோட்அலையாஸ் என்ற கோப்பு இருக்கிறது. அதிலிருக்கும் சரத்தை மோட்புரோப் -ஆர் (பெரிய எழுத்து) கட்டளைக்குக் கொடுத்தால், எந்த மாட்யூல் ஏறும் என்று ஏற்றாமலே சொல்லிவிடும். மாட்யூல் ஏறிய பிறகு கர்னல் அதே டேபிளை மறுபடி ஒப்பிட்டு, பொருந்தினால் டிரைவரின் புரோப் ஃபங்ஷனை (கார்டை இயக்கத் தொடங்கும் நிரல்பகுதி) அழைக்கும். ஆக, ஒப்பீடு இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று தவறி மற்றது சரியாக இருப்பதும் நடக்கும்.

புது கார்டு, ஐடி டேபிள்ல இல்லை. கர்னலைக் கம்பைல் பண்ணாம டெஸ்ட் பண்ணிப் பாக்க முடியுமா?

முடியும். முதலில் டிரைவரைக் கையால் ஏற்றுங்கள். பிறகு /சிஸ்/பஸ்/பிசிஐ/டிரைவர்ஸ்/ஐஜிபி/நியூ_ஐடி கோப்பில், ரூட்டாக, "8086" ஒரு இடைவெளி "டிவைஸ் எண்" என்று எழுதுங்கள். ஹெக்ஸ் முன்னொட்டு தேவையில்லை. உடனே டிரைவர் அந்த எண்ணுள்ள, இன்னும் யாரும் பிடிக்காத கார்டுகளை எல்லாம் பிடிக்கப் பார்க்கும். திரும்ப எடுக்க ரிமூவ்_ஐடி. ரீபூட் ஆனால் எல்லாம் போய்விடும்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் பேட்ச் (கர்னலுக்கான மாற்றம்) அனுப்ப வேண்டாம். எண் மட்டும் புதிது, சிப் பழையதே என்றால் உடனே ஓடும். சிப்பே மாறியிருந்தால் டேபிளில் ஒரு வரி சேர்ப்பதால் பயனில்லை. லிங்க் வரும், டேட்டா போகாது, அல்லது கார்டு தொங்கும். டிஎம்இஎஸ்ஜி-யை (கர்னலின் செய்திப் பதிவு) திறந்து வைத்துக்கொண்டு, வேலை எதுவும் ஓடாத மெஷினில் செய்யுங்கள்.

நியூ_ஐடி-ல எழுதினா "இன்வேலிட் ஆர்க்யுமென்ட்"னு வருது. எண் சரியாத்தான் இருக்கு.

டேபிளின் ஒவ்வொரு வரியிலும் டிரைவர்_டேட்டா என்று ஒரு புலம் உண்டு. சிப்பின் வகை எண்ணோ, ஏதோ ஒரு ஸ்ட்ரக்சரின் முகவரியோ அதில் இருக்கும். நீங்கள் இரண்டு எண் மட்டும் கொடுத்தால் கர்னல் அதை 0 என்று எடுத்துக்கொள்கிறது. டேபிளில் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஒரு வரியின் டிரைவர்_டேட்டாவோடு அது ஒத்துப்போகாவிட்டால் ஏற்க மறுக்கிறது. இந்தக் கண்டிப்பு அவசியம். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 0 போனால் டிரைவர் அங்கேயே விழும்.

ஐஜிபி-யில் வகை எண் 0 என்பதால் இந்தச் சிக்கல் வராது. மற்றவற்றில் ஏழு புலங்களையும் வரிசையாகக் கொடுக்க வேண்டும்: வெண்டார், டிவைஸ், சப்வெண்டார், சப்டிவைஸ், கிளாஸ், கிளாஸ் மாஸ்க், டிரைவர்_டேட்டா. சப் புலங்கள் இரண்டிலும் எட்டு எஃப் போடுங்கள், "எதுவானாலும் சரி" என்று பொருள். டிரைவர்_டேட்டா முகவரியாக இருந்தால் அதைக் கையால் கொடுக்க வழியில்லை, டேபிளில் சேர்த்துக் கம்பைல்தான் செய்ய வேண்டும். "ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்" என்று வந்தால் கதையே வேறு: அந்த எண் டேபிளில் ஏற்கெனவே இருக்கிறது, பிரச்சினை வேறெங்கோ.

பிசிஐ_ஐடிஸ்.எச்-ல என் கார்டோட ஐடியைச் சேர்த்து அனுப்பினேன். "இங்கே வேண்டாம்"னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஐடி வைக்கிற கோப்புல ஐடி வைக்கக் கூடாதா?

கோப்பின் தலையிலேயே விதி எழுதியிருக்கிறது: பல டிரைவர்கள் பகிர்ந்துகொள்ளும் மாறிலி அல்லாமல் வேறு எதையும் இதில் புதிதாகச் சேர்க்காதீர்கள். ஒரே ஒரு .சி கோப்பு பயன்படுத்தும் எண்ணுக்கு அந்தக் கோப்பே வீடு. இது வெறும் நடைமுறைப் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல, காரணங்கள் திடமானவை.

முதலாவது, பிசிஐ.எச் இந்த ஹெடரை உள்ளே இழுக்கிறது. பிசிஐ.எச்-ஐ இழுக்கும் கோப்புகள் கர்னல் முழுக்க இருக்கின்றன. நீங்கள் ஒரு வரி சேர்த்தால் அத்தனையும் மறுபடி கம்பைல் ஆகும். இரண்டாவது, எல்லா மெயின்டெய்னர்களின் மரங்களிலிருந்தும் (பராமரிப்பாளர்கள் தனித்தனியே வைத்திருக்கும் மூலப் பிரதிகள்) வரும் மாற்றங்கள் ஒரே கோப்பில் மோதிக்கொள்ளும். மூன்றாவதுதான் உண்மையில் வலிப்பது: பேக்போர்ட், அதாவது புதிய மாற்றத்தைப் பழைய கர்னலில் சேர்ப்பது. உங்கள் பேட்ச் டிரைவர் கோப்பை மட்டும் தொட்டால் பழைய ஸ்டேபிள் கர்னலில் (சிறு திருத்தங்கள் மட்டும் பெறும் வெளியீடு) பெரும்பாலும் அப்படியே பொருந்தும். பொது ஹெடரையும் தொட்டால், அங்கே பக்கத்து வரிகள் வேறாக இருக்கும், பொருந்தாது. ஒரே ஒரு எண்ணுக்காக யாரோ ஒருவர் கையால் சரிசெய்ய வேண்டிவரும்.

வெண்டார் எண் பொதுவில் இருப்பது இயல்பு, ஏனென்றால் ஒரு நிறுவனத்தின் பல சிப்புகளுக்குப் பல டிரைவர்கள் இருக்கும். டிவைஸ் எண் பொதுவுக்குப் போக வேண்டிய நேரமும் உண்டு. ஒரு சவுண்ட் டிரைவரும் டிரைவர்ஸ்/பிசிஐ/குவிர்க்ஸ்.சி-யும் (கோளாறுள்ள சாதனங்களுக்கான விதிவிலக்குகள் இருக்கும் கோப்பு) ஒரே எண்ணைக் கேட்கின்றன என்றால் சேர்க்கலாம். அப்போது எந்த இரண்டு கோப்புகள் பயன்படுத்துகின்றன என்று கமிட் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். கேள்வி வருவதற்கு முன்பே பதில் இருந்தால் ரிவ்யூ ஒரு சுற்று குறையும்.

அப்போ பேரே வைக்காம, நேரடியா ஹெக்ஸ் நம்பரை டேபிள்ல எழுதினா தப்பா?

தப்பில்லை, பல இடங்களில் அதுதான் விரும்பப்படுகிறது. பிசிஐ_விடிவைஸ் என்ற மேக்ரோவுக்கு வெண்டாரின் பெயரை மட்டும் கொடுத்தால், முன்னால் பிசிஐ_வெண்டார்_ஐடி_ என்பதைத் தானே ஒட்டிக்கொள்ளும். அதனால் "பிசிஐ_விடிவைஸ்(இன்டெல், 0எக்ஸ்1533)" என்று எழுதி, பக்கத்தில் ஐ210 என்று ஒரு குறிப்பு போட்டால் போதும். படிக்கிறவருக்கு எண்ணும் தெரிகிறது, அது எது என்றும் தெரிகிறது. எண்ணைத் தேடுகிறவர் கிரெப் செய்தாலும் அகப்படும்.

அதே எண் டேபிளைத் தாண்டி கோடின் நடுவில் இஃப் நிபந்தனையிலும் வருகிறது என்றால் பெயர் வையுங்கள். டிரைவரின் சொந்த .எச் கோப்பிலோ .சி கோப்பின் தலையிலோ. எண் நான்கு இலக்கம், எழுத்துகள் சிறிய எழுத்தில், பக்கத்து வரிகளோடு டேப் வைத்து நேராக. பொது ஹெடரில் சேர்ப்பதாக இருந்தால் வெண்டார் எண்ணின் வரிசைப்படி, அதற்குள் டிவைஸ் எண்ணின் வரிசைப்படி. பெயரின் அகரவரிசை அல்ல, இதில் பலரும் வழுக்குகிறார்கள்.

டேபிள்ல வரி சேர்த்து கம்பைலும் பண்ணிட்டேன். இன்னும் கார்டைப் பிடிக்கலை. என்ன விட்டுப்போச்சு?

முதலில் பார்க்க வேண்டியது சப்வெண்டார். பிசிஐ_டிவைஸ் மேக்ரோவைப் பயன்படுத்தாமல், அடைப்புக்குள் வெறுமனே வெண்டார், டிவைஸ் என்று இரண்டு எண் எழுதினால், சி மொழியின் விதிப்படி மீதிப் புலங்கள் எல்லாம் 0. சப்வெண்டார் 0 என்றால் "எதுவானாலும் சரி" என்று கர்னல் எடுத்துக்கொள்ளாது. "சப்வெண்டார் சரியாக 0 ஆக இருக்கும் கார்டு" என்றுதான் எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கார்டு அரிது. கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது, டேபிளைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். மேக்ரோ அந்த இரண்டு புலங்களிலும் பிசிஐ_எனி_ஐடி-யை நிரப்பிவிடுகிறது, அதற்காகத்தான் அது இருக்கிறது.

அடுத்து வரிசை. டேபிளை மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்தும் வரியோடு கர்னல் நின்றுவிடும். பொதுவான வரி மேலேயும் குறிப்பான வரி கீழேயும் இருந்தால் குறிப்பான வரி ஒருநாளும் எட்டாது. கார்டு பிடிக்கும், ஆனால் தவறான டிரைவர்_டேட்டாவோடு. என்விஎம்இ டிரைவரைப் பாருங்கள்: தனிக் கவனிப்பு வேண்டிய எஸ்எஸ்டி-கள் எல்லாம் மேலே, "என்விஎம்இ கிளாஸ் எதுவானாலும்" என்ற வரி அடியில். கடைசியாக, டேபிள் ஒரு வெற்று வரியோடு முடிய வேண்டும். அது இல்லாவிட்டால் கர்னல் டேபிளைத் தாண்டி நினைவகத்தில் கிடப்பதையும் ஐடி என்று படிக்கும். மாட்யூல்_டிவைஸ்_டேபிள் இருந்தால் மோட்போஸ்ட் இந்தத் தவறைப் பிடித்துக் கம்பைலை நிறுத்தும், இல்லாவிட்டால் பிடிக்க ஆளில்லை.

கையால் மோட்புரோப் செய்தால் வேலை செய்கிறது, பூட்டில் தானாக வரவில்லை என்றால் கோளாறு வேறு பாதியில் இருக்கிறது. மாட்யூல்_டிவைஸ்_டேபிள் வரி விட்டுப்போயிருக்கும், அல்லது டெப்மாட் ஓடியிருக்காது, அல்லது இனிட்ராம்எஃப்எஸ்-இல் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) பழைய மாட்யூல் இருக்கும்.

ஒவ்வொரு மாடலா சேர்க்காம, "எல்லா ஈதர்நெட் கார்டும்"னு கிளாஸ் வெச்சுப் பிடிக்க முடியாதா?

கிளாஸ் கோடு சாதனம் எந்த வகை என்று மட்டும்தான் சொல்கிறது, ரெஜிஸ்டர்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று சொல்வதில்லை. ஈதர்நெட்டுக்குள் நூறு விதமான சிப் இருப்பதால் அங்கே பயனில்லை. ரெஜிஸ்டர் அமைப்பையே தரப்படுத்திய வகைகளில்தான் கிளாஸ் உதவும்: என்விஎம்இ (எஸ்எஸ்டி), ஏஹெச்சிஐ (சாட்டா வட்டு), எக்ஸ்ஹெச்சிஐ (யூஎஸ்பி), எச்டி ஆடியோ.

அப்படி எழுதும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. ஸ்ட்ரக்சரில் கிளாஸ் புலம் 24 பிட்: அடிப்படை வகை, உள்வகை, இன்டர்ஃபேஸ். ஆனால் பிசிஐ_ஐடிஸ்.எச்-இல் இருக்கும் கிளாஸ் மாறிலிகளில் பெரும்பாலானவை 16 பிட், சில மட்டும் 24 பிட். ஈதர்நெட் 0200, விஜிஏ 0300. ஆனால் ஏஹெச்சிஐ 010601, என்விஎம்இ 010802. முதல் வகையை 8 பிட் இடப்பக்கம் நகர்த்தித்தான் எழுத வேண்டும், இரண்டாவது வகையை அப்படியே. நகர்த்த மறந்தால் 0200 என்பது 000200 ஆகி, எந்தக் கார்டோடும் பொருந்தாமல் அமைதியாகக் கிடக்கும். என்விஎம்இ மாறிலியை நகர்த்தினாலும் அதே கதி. பெயரைப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது, ஒவ்வொரு முறையும் ஹெடரைத் திறந்து இலக்கங்களை எண்ணிப் பாருங்கள்.

ஒரு கம்பெனியை இன்னொண்ணு வாங்கிட்டா, மாறிலியோட பேரை மாத்தணுமா?

வேண்டாம். ஏடிஐ-யை ஏஎம்டி 2006இல் வாங்கியது. இன்றைக்கும் ரேடியான் கார்டுகள் 1002 என்ற ஏடிஐ எண்ணோடுதான் வருகின்றன, கர்னலில் அதன் பெயர் பிசிஐ_வெண்டார்_ஐடி_ஏடிஐ. ஏஎம்டி-யின் சொந்த எண்ணான 1022 தனியாக இருக்கிறது. விர்ச்சுவல் மெஷின்களுக்கான விர்டியோ சாதனங்களின் 1ஏஎஃப்4 எண்ணுக்கு ரெட்ஹாட்_கும்ரானெட் என்று பெயர். கும்ரானெட்டை ரெட் ஹாட் வாங்கியது 2008இல்.

இரண்டு எண்களையும் ஒரே பெயரில் கொண்டுவர நினைத்தால் உண்மையான வேறுபாடு மறையும். பெயரை மட்டும் புதுப்பித்தால் பல டிரைவர்களில் மாற்றம், மேலே சொன்ன பேக்போர்ட் வலி மறுபடி, கிடைக்கும் லாபம் எதுவுமில்லை.

யூஎஸ்பிக்கும் இப்படி ஒரு பொது ஹெடர் இருக்கா?

யூஎஸ்பி முழுமைக்கும் இல்லை. ஒவ்வொரு டிரைவரும் தன் எண்களைத் தானே வைத்துக்கொள்கிறது. செல்பேசி மோடம்களுக்கான ஆப்ஷன்.சி தன் நீண்ட பட்டியலை அந்த ஒரே கோப்பின் தலையில் வைத்திருக்கிறது. எச்ஐடி (விசைப்பலகை, மவுஸ் போன்றவை) பக்கம் மட்டும் எச்ஐடி-ஐடிஸ்.எச் என்று பகிர்வு ஹெடர் உண்டு, ஏனென்றால் அங்கே ஒரே எண்ணைத் தனி டிரைவரும் குவிர்க் பட்டியலும் சேர்ந்து கேட்கும்.

வரிசை விதி கோப்புக்குக் கோப்பு வேறு. எச்ஐடி-ஐடிஸ்.எச்-இல் நிறுவனப் பெயரின் அகரவரிசை. யூஎஸ்பி ஸ்டோரேஜின் அன்யூஷுவல்_டெவ்ஸ்.எச்-இல் எண் வரிசை. எஃப்டிடிஐ_எஸ்ஐஓ_ஐடிஸ்.எச்-இல் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் எண் வரிசை. கோப்பின் தலையில் இருக்கும் குறிப்பைப் படித்த பிறகு கை வையுங்கள்.

எஃப்டிடிஐ டேபிள்ல டிவைஸ் எண் 0000ன்னு ஒரு வரி இருக்கே, யாரோ தெரியாம விட்டதா?

தெரிந்தே சேர்த்தது. எஃப்டிடிஐ சீரியல் சிப்பின் வழக்கமான எண் 0403:6001. 2014இல் வந்த ஒரு விண்டோஸ் டிரைவர், போலி சிப்புகளைக் கண்டால் அவற்றின் டிவைஸ் எண்ணை 0000 என்று மாற்றி எழுதியது. சிப்புக்குள்ளேயே எழுதப்பட்டதால், கேபிளை அதன்பின் லினக்ஸ் மெஷினில் சொருகினாலும் எந்த டிரைவரும் பிடிக்கவில்லை. அப்படி ஆன கேபிள்களும் வேலை செய்யட்டும் என்று அதே ஆண்டில் 0403:0000 கர்னலில் சேர்க்கப்பட்டது. எஃப்டிடிஐ_பிரிக்_பிஐடி என்று பெயர்.

இதில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 0403 என்பது யூஎஸ்பியில் எஃப்டிடிஐ-யின் வெண்டார் எண், பிசிஐயில் எச்டி ஆடியோவின் கிளாஸ் கோடு. எந்த பஸ், எந்தப் புலம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் அதற்குப் பொருளே இல்லை.

டாங்கிளைச் சொருகினா 12டி1:1446னு வருது, கொஞ்ச நேரத்துல வேற எண்ணா மாறுது. எதை டேபிள்ல சேர்க்கணும்?

இரண்டாவதை. ஹுவாவே போன்றோரின் பல டேட்டா டாங்கிள்கள் முதலில் ஒரு சிடி டிரைவ் போல நடிக்கும், அதில் விண்டோஸ் டிரைவர் இருக்கும். யூஎஸ்பி_மோட்ஸ்விட்ச் என்ற பயனர் நிரல் ஒரு செய்தி அனுப்பியதும் டாங்கிள் தன்னைத் துண்டித்துக்கொண்டு மோடமாக, வேறு எண்ணோடு திரும்ப வரும். மோடம் எண்தான் ஆப்ஷன்.சி-க்கு உரியது. சிடி வேடத்தின் எண்ணை அங்கே சேர்த்தால், மோடம் அல்லாத ஒன்றை மோடம் டிரைவர் பிடித்துக்கொண்டு மாற்றத்தையே தடுத்துவிடும்.

பிசிஐயிலும் இதன் உறவுக்காரர் உண்டு. ஐ210-இன் ஃபிளாஷில் எதுவும் எழுதப்படாமல் இருந்தால் 1533க்குப் பதில் 1531 என்று காட்டும். புது போர்டு செய்கிறவர்கள் இதைப் பார்த்து "1531ஐ ஐஜிபி-யில் சேருங்கள்" என்று கேட்பதுண்டு. சேர்க்கக் கூடாது. மேக் முகவரிகூட இல்லாத சிப் அது. ஃபிளாஷை எழுதினால் எண் தானே மாறும்.

ஒரே மாதிரி ரெண்டு கார்டு இருக்கு. ஒண்ணை மட்டும் விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுக்கணும். நியூ_ஐடி போட்டா ரெண்டும் போயிடுமே?

போகும் ஆபத்து உண்டு. நியூ_ஐடி எண்ணைப் பார்க்கிறது, இடத்தைப் பார்ப்பதில்லை. இதற்கென்றே 3.16 கர்னலிலிருந்து டிரைவர்_ஓவர்ரைடு இருக்கிறது. கார்டின் முகவரி 0000:03:00.0 என்று வைத்துக்கொள்வோம். அதன் சிஸ்எஃப்எஸ் (/சிஸ்) அடைவில் டிரைவர்_ஓவர்ரைடு கோப்பில் "விஎஃப்ஐஓ-பிசிஐ" (கார்டை விர்ச்சுவல் மெஷினுக்கு ஒப்படைக்கும் டிரைவர்) என்று எழுதுங்கள். பிறகு டிரைவர்/அன்பைண்ட் கோப்பில் முகவரியை எழுதினால் பழைய டிரைவர் விடும். கடைசியாக /சிஸ்/பஸ்/பிசிஐ/டிரைவர்ஸ்_புரோப் கோப்பில் அதே முகவரியை எழுதுங்கள். விஎஃப்ஐஓ-பிசிஐ மாட்யூல் முன்கூட்டியே ஏறியிருக்க வேண்டும். மற்றக் கார்டு அசையாது.

டிரைவரை நீக்கியாச்சு. அது பயன்படுத்தின மாறிலியை பிசிஐ_ஐடிஸ்.எச்-லேர்ந்து தூக்கலாமா?

வேறு யாரும் பயன்படுத்தவில்லை என்றால் தூக்கலாம், தூக்குவது நல்லதும்கூட. இந்த ஹெடர் கர்னலின் உள்விவகாரம், பயனர் நிரல்களுக்கு வாக்குக் கொடுத்த இடைமுகம் அல்ல.

ஆனால் கிட் கிரெப்பில் முழுப் பெயரைத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று உடனே வெட்டிவிடாதீர்கள். பிசிஐ_விடிவைஸ் முன்னொட்டைத் தானே ஒட்டிக்கொள்ளும் என்று மேலே சொன்னோம். பிசிஐ_டிவைஸ்_டேட்டா என்ற மேக்ரோ ஒருபடி மேலே போய் டிவைஸ் மாறிலியின் பெயரையும் அப்படியே ஒட்டிச் செய்யும். ஆகவே முழுப் பெயர் எந்தக் கோப்பிலும் எழுதப்படாமலே மாறிலி பயன்பாட்டில் இருக்கலாம். பெயரின் வால் பகுதியை மட்டும் தனியாகத் தேடுங்கள். ஆர்ச், சவுண்ட் அடைவுகளையும் விடாதீர்கள். பிறகு ஆல்மாட்கான்ஃபிக் (முடிந்தவரை எல்லாவற்றையும் மாட்யூலாகச் சேர்க்கும் அமைப்பு) வைத்து ஒன்றுக்கு மேற்பட்ட ஆர்கிடெக்சரில் கம்பைல் செய்து பாருங்கள்.

மரத்துக்கு வெளியே (கர்னல் மூலத்தில் சேர்க்காமல்) டிரைவர் வைத்திருப்பவர்கள் இப்படி மாறிலி காணாமல் போவதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். தேவையான எண்ணை இஃப்என்டெஃப் (ஏற்கெனவே வரையறுக்கப்படாவிட்டால் மட்டும்) காவலோடு சொந்த ஹெடரில் வைத்துக்கொள்ளுங்கள். காவல் இல்லாமல் வைத்தால், கர்னலில் இருப்பது சிறிய எழுத்தில் 100இ என்றும் உங்களுடையது பெரிய எழுத்திலும் இருந்தாலே "ரீடிஃபைன்ட்" எச்சரிக்கை வரும். மதிப்பு ஒன்றாக இருந்தாலும் பிரிபுராசஸர் எழுத்தைத்தான் ஒப்பிடுகிறது.

ஒரே ஒரு ஐடி சேர்க்கிற பேட்ச் ஸ்டேபிள் கர்னலுக்குப் போகுமா? எப்படி எழுதுறது?

போகும். ஸ்டேபிள் விதிகளில் பிழைத் திருத்தங்களோடு, டிவைஸ் ஐடி மட்டும் சேர்க்கும் பேட்ச் ஏற்கப்படும் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. முதலில் மெயின் மரத்தில் சேர வேண்டும். கையொப்பப் பகுதியில் ஸ்டேபிளுக்கான சிசி வரியைச் சேர்த்துவிடுங்கள்.

பேட்ச் சிறியது என்பதால் கமிட் செய்தியையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், அது சரியல்ல. கார்டு எது, எந்த போர்டில் வருகிறது, எல்எஸ்பிசிஐ -என்என் தரும் வரி அப்படியே, நியூ_ஐடி வைத்து என்னென்ன சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். யூஎஸ்பி என்றால் எல்எஸ்யூஎஸ்பி -வி தரும் இன்டர்ஃபேஸ் விவரமும் வேண்டும். மோடம்களில் எந்த இன்டர்ஃபேஸ் சீரியல், எந்தது நெட்வொர்க் என்று மெயின்டெய்னர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அனுப்பும் முன் செக்பேட்ச்.பிஎல் ஓட்டுங்கள், யாருக்கு அனுப்புவது என்று கெட்_மெயின்டெய்னர்.பிஎல் சொல்லும். வேறு எந்தத் திருத்தத்தையும், ஒரு வெற்று இடத்தைக்கூட, அதே பேட்சில் கலக்க வேண்டாம்.

நேத்து வரை ஓடின கார்டு, இன்னிக்கு எல்எஸ்பிசிஐ-ல பேர் சரியா வருது, ஆனா "ரெவ் எஃப்எஃப்"னு காட்டுது. ஐடி மாறிடுச்சா?

மாறவில்லை, கார்டு பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. பஸ்ஸில் பதில் இல்லாத இடத்தைப் படித்தால் எல்லா பிட்டும் 1 ஆக வரும். அதனால்தான் எஃப்எஃப்எஃப்எஃப் எந்த நிறுவனத்துக்கும் ஒதுக்கப்படுவதில்லை, "இங்கே யாருமில்லை" என்பதற்கு அதுவே அடையாளம். பூட்டில் கார்டு உயிரோடு இருந்தபோது கர்னல் வெண்டார், டிவைஸ் எண்களைக் குறித்துவைத்துக்கொண்டது, எல்எஸ்பிசிஐ பெயரை அந்தக் குறிப்பிலிருந்து எடுக்கிறது. மற்றப் புலங்களைக் கார்டிலிருந்து இப்போது படிப்பதால் ரிவிஷன் எஃப்எஃப் என்று வருகிறது. கூடவே "அன்நோன் ஹெடர் டைப் 7எஃப்" என்றும் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஐடி டேபிளில் இதற்கு மருந்து இல்லை. மின்சேமிப்புக்காக கார்டு முழுதாக அணைக்கப்பட்டிருக்கலாம், லிங்க் விழுந்திருக்கலாம், ஸ்லாட்டில் தளர்ந்திருக்கலாம். சிஸ்எஃப்எஸ்-இல் கார்டின் பவர்/கன்ட்ரோல் கோப்பில் "ஆன்" என்று எழுதிப் பாருங்கள். உயிர் வந்தால் அது மின்சேமிப்பின் வேலை. வராவிட்டால் டிஎம்இஎஸ்ஜி-யில் ஏஇஆர் (பிசிஐ எக்ஸ்பிரஸ் பிழை அறிக்கை) பிழைகளைத் தேடுங்கள், மெஷினை அணைத்துக் கார்டைக் கழற்றி மறுபடி பொருத்துங்கள். அதன்பின் எல்எஸ்பிசிஐ -எக்ஸ் கொடுத்தால் முதல் நான்கு பைட் மறுபடி 86 80 33 15 என்று வர வேண்டும்.